பாப் வீடியோக்கள் பற்றிப் பேசும் சேனல் தொடங்குகிறீர்களா? கிளெய்ம், ஸ்ட்ரைக், காகிதம், காசு: புதியவர்களுக்கான வழிகாட்டி

இதை எழுத எனக்கு இருக்கும் ஒரே தகுதி, இதில் செய்யக்கூடிய தவறுகளை எல்லாம் வரிசையாகச் செய்து முடித்தவன் என்பதுதான். ஒரு பெரிய பாப் பாடகியின் புது வீடியோ வெளியான அன்று ராத்திரி முழுக்கக் கண்விழித்து 14 நிமிட ரியாக்‌ஷன் ஒன்றைத் தயார் செய்தேன். விடிந்ததும் யூடியூபில் ஏற்றினேன். தம்ப்நெயில் போட்டு நிமிர்வதற்குள் 'எல்லா நாடுகளிலும் தடை' என்று வந்துவிட்டது. அது கிளெய்ம், அதாவது 'இது எங்களுடையது' என்ற உரிமை கோரல். கோபத்தில் டிஸ்ப்யூட் (மறுப்பு) போட்டேன், நிராகரித்தார்கள். கோபம் இன்னும் ஏறி அப்பீல் போட்டேன். அதற்குப் பதிலாக ஸ்ட்ரைக் வந்தது, அதாவது சேனல்மேலேயே விழும் காப்பிரைட் எச்சரிக்கை.

பின்னால் அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. 14 நிமிடத்தில் 2 நிமிடம் 40 விநாடி பாட்டு இடைவெளியே இல்லாமல் ஓடுகிறது. நான் ஓரத்தில் சின்னப் பெட்டிக்குள் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். நடுவில் இரண்டு முறை "ஐயோ" என்கிறேன். அவ்வளவுதான் என் பங்களிப்பு.

இந்த வரிசையில் போனால் உங்களுக்கு அந்த அவஸ்தை இருக்காது. எல்லாமே யூடியூபை வைத்துச் சொல்வது. விதிகள் அவ்வப்போது மாறும், அதனால் முடிவெடுக்கும் முன் அவர்களுடைய உதவிப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான் வக்கீல் இல்லை.

1. என்ன வகை வீடியோ என்று முதலில் முடிவு செய்யுங்கள்

'பாப் கல்ச்சர் சேனல்' என்று பொதுவாகச் சொல்லிக்கொள்கிறோம். உள்ளே மூன்று நான்கு வேறு வேறு தொழில்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆபத்தின் அளவு வேறு.

அலசல் வீடியோ: ஒரு பாடல் வீடியோவின் நடனம், கேமரா, நிறம், உடை என்று எடுத்துப் பேசுவது. இருப்பதிலேயே பாதுகாப்பானது இதுதான். நீங்கள் பேசுவதுதான் உடம்பு, கிளிப் வெறும் சாட்சி.

ரியாக்‌ஷன்: பார்த்துக்கொண்டே பேசுவது. நியூயார்க் நீதிமன்றம் ஒன்று 2017-ல் ஒரு ரியாக்‌ஷன் வீடியோவை நியாயமான பயன்பாடு (விமர்சனம் போன்றவற்றுக்கு அனுமதி இல்லாமலே எடுத்தாளச் சட்டம் கொடுக்கும் இடம்) என்று ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பை 'ரியாக்‌ஷன் எல்லாம் சட்டப்படி சரி' என்று நிறையப் பேர் சுருக்கிச் சொல்கிறார்கள். தீர்ப்பில் இருப்பது அப்படி இல்லை. துண்டு துண்டாகக் காட்டி நிறுத்தி விமர்சிப்பது ஒன்று, கூட்டமாக உட்கார்ந்து படம் பார்ப்பதுபோல ஓடவிடுவது வேறொன்று என்று நீதிபதி பிரித்தே எழுதியிருக்கிறார். என் 14 நிமிடம் இரண்டாவது வகை.

தருணத் தொகுப்பு: விருது மேடையில் நடந்தது, பேட்டியில் உளறியது, சிவப்புக் கம்பளத்தில் தடுக்கி விழுந்தது என்று ஒட்டிப் போடுவது. பார்வை கொட்டும், உண்மைதான். ஆனால் பத்து கிளிப் என்றால் பத்துச் சொந்தக்காரர்கள். பணமாக்கலுக்கு விண்ணப்பிக்கும்போது இதே தொகுப்புகள்தான் கழுத்தைப் பிடிக்கும் (படி 9-ல் வருகிறேன்).

ரசிகர் எடிட்: பாட்டுக்கு ஏற்றபடி நடிகர், பாடகர் காட்சிகளை வெட்டி ஒட்டுவது. ஆசைக்குச் செய்யுங்கள். இதில் வருமானம் எதிர்பார்க்காதீர்கள்.

2. எது யாருக்குச் சொந்தம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

'பாட்டு அந்தப் பாடகியுடையது' என்று நினைத்துத்தான் நான் தொடங்கினேன். ஒரு மூன்று நிமிட வீடியோவுக்குள் குறைந்தது மூன்று உரிமைகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் எழுதியவர்களுக்கும் அவர்களுடைய இசைப் பதிப்பகத்துக்கும் உரியவை. ஒலிப்பதிவு பெரும்பாலும் லேபிள் எனப்படும் இசை நிறுவனத்துடையது. படமாக்கிய காட்சி ஒப்பந்தப்படி லேபிளிடமோ தயாரிப்பவரிடமோ இருக்கும்.

டெய்லர் ஸ்விஃப்ட் தன் பழைய ஆல்பங்களை 2021 முதல் மறுபடி பாடிப் பதிவு செய்து வெளியிட்டது நினைவிருக்கும். அதே பாட்டு, அதே குரல், ஆனால் இரண்டு ஒலிப்பதிவுகளுக்கும் சொந்தக்காரர்கள் வேறு வேறு. பழைய பதிவுகளை 2025-ல் அவரே வாங்கிவிட்டார், அது வேறு கதை. உங்களுக்குத் தேவையான பாடம், 'எந்தப் பாட்டு' என்று மட்டும் குறித்துவைத்தால் போதாது, 'எந்தப் பதிவு' என்றும் குறிக்க வேண்டும்.

கவர் பாடினால், அதாவது அந்தப் பாட்டை நீங்களே பாடிப் பதிவு செய்தால், ஒலிப்பதிவுப் பிரச்சினை போய்விடும், மெட்டுப் பிரச்சினை அப்படியே நிற்கும். முணுமுணுத்துக் காட்டினாலும் மெட்டை வைத்து கன்டென்ட் ஐடி அடையாளம் காணக்கூடும். ஏற்றும் வீடியோக்களை உரிமையாளர்கள் கொடுத்த மாதிரிகளோடு ஒப்பிடும் யூடியூபின் தானியங்கி முறை அது; கீழே 'இயந்திரம்' என்று நான் சொல்வது இதைத்தான்.

பிரபலங்களின் தருணங்களில் குழப்பம் இன்னும் கூடுதல். 2009-ல் எம்டிவி விருது மேடையில் கான்யே வெஸ்ட் ஏறி ஸ்விஃப்டின் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாரே, அந்தக் காட்சி அந்த இருவரில் யாருக்கும் சொந்தம் இல்லை. ஒளிபரப்பியவர்களுடையது. விருது விழா, பேட்டி நிகழ்ச்சி, விளையாட்டுப் போட்டியின் இடைவேளைக் கச்சேரி எல்லாமே இப்படித்தான்.

புகைப்படம் எடுத்தவருடையது, படத்தில் இருப்பவருடையது இல்லை. நம்பக் கஷ்டமாக இருந்தால் இதைப் பாருங்கள்: துவா லிபா தன்னுடைய படத்தையே தன்னுடைய இன்ஸ்டாகிராமில் போட்டதற்காக 2021-ல் அவர்மேல் வழக்குப் போட்டார்கள். அவருக்கே இந்தக் கதி என்றால், தம்ப்நெயிலுக்குக் கூகுளில் தேடிப் படம் எடுக்கும் நமக்கு?

3. வீடியோவுக்கு ஒரு கோப்புறை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு வீடியோவுக்கும் கணினியில் ஒரு தனிக் கோப்புறை. அதில்:

- தேதியிட்ட ஸ்கிரிப்ட். நீங்கள்தான் எழுதினீர்கள் என்பதற்கு அது சான்று.
- கிளிப் பட்டியல்: எங்கிருந்து எடுத்தது, எந்த நொடி முதல் எந்த நொடி வரை, எதற்காக.
- பின்னணி இசைக்கு வாங்கிய லைசென்ஸ், ரசீதுடன்.
- அனுமதி கேட்டு எழுதிய மின்னஞ்சல்களும் பதில்களும், பிடிஎஃப் ஆக.
- எடிட்டிங் புராஜெக்ட் ஃபைல். வீடியோவை ஏற்றியதும் அழித்துவிடாதீர்கள்.

கிளிப் பட்டியலில் என்னுடைய ஒரு வரி இப்படி இருக்கும்: '02:14 முதல் 02:21 வரை. 7 விநாடி. ஒலி இல்லை. கேமரா ஒரே ஷாட்டில் பாடகியைச் சுற்றி வருகிறது, பின்னால் ஆடுபவர்கள் கேமராவின் முதுகுப்பக்கமாக ஓடி அடுத்த இடத்துக்குப் போகிறார்கள். அதைக் காட்டாமல் விளக்க முடியாது.' கடைசி வாக்கியம்தான் முக்கியம். 'காட்டாமல் விளக்க முடியாது' என்று எழுதக் கை தயங்கினால், அந்தக் கிளிப் தேவையில்லாதது. பட்டியல் எழுத ஆரம்பித்த பிறகு என் வீடியோக்களில் கிளிப்புகள் பாதியாகக் குறைந்தன.

அனுமதி கேட்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய லேபிள்களிடமிருந்து எனக்கு ஒருமுறைகூடப் பதில் வந்ததில்லை. சுயாதீனக் கலைஞர்கள் அப்படி இல்லை, சந்தோஷமாகவே பதில் போடுகிறார்கள். கேட்கும்போது நான்கு விஷயங்களைத் தெளிவாகக் கேளுங்கள்: எந்தப் பாட்டின் எத்தனை விநாடி, எந்தத் தளத்தில், விளம்பர வருமானம் எடுக்கலாமா, எவ்வளவு காலத்துக்கு. 'ஓகே ப்ரோ, போட்டுக்கோங்க' என்ற பதில் மனதுக்கு இதம், சண்டை வந்தால் உதவாது.

பாடகர் சரி என்று சொன்னாலும், பதிவின் உரிமை லேபிளிடம் இருந்தால் அந்தச் சரி செல்லாது. உரிமை உள்ளவரே சரி சொன்னாலும் கிளெய்ம் வரும், ஏனென்றால் மின்னஞ்சலில் நீங்கள் பேசிக்கொண்டது இயந்திரத்துக்குத் தெரியாது. அவர்களுடைய விநியோகஸ்தர் வழியாக உங்கள் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கிரியேட்டிவ் காமன்ஸ் வலையிலும் நான் விழுந்திருக்கிறேன். ஒரு விருது விழாக் கிளிப் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' (நிபந்தனைகளோடு மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று உரிமையாளர் தரும் பொது அனுமதி) என்ற குறியோடு கிடைத்தது. எடுத்துப் போட்டேன். அதை ஏற்றியவர் யாரோ என்னைப் போன்ற ஒருவர், டிவியிலிருந்து பதிவு செய்து அந்தக் குறியைத் தட்டிவிட்டிருக்கிறார். தன்னுடையதல்லாத பொருளுக்கு அவர் கொடுத்த அனுமதி காற்றுக்குச் சமம்.

4. எடிட் செய்யும்போது

முதலில் தூக்கி எறிய வேண்டியவை. '10 விநாடிக்குக் குறைவாக இருந்தால் பரவாயில்லை' என்று ஒரு விதி எங்கும் கிடையாது. டிஸ்கிரிப்ஷனில் 'காப்பிரைட்டை மீறும் எண்ணம் இல்லை' என்று எழுதுவது பயன்படாது. கலைஞருக்கு நன்றி போடுவது நல்ல பழக்கம், ஆனால் அது அனுமதி ஆகாது. படத்தைக் கண்ணாடிபோலத் திருப்புவது, சுருதியை ஏற்றுவது, ஓரத்தில் ஃபிரேம் போடுவது எல்லாம் இயந்திரத்தை ஏமாற்றும் முயற்சிகள். சில நாள் ஓடலாம். மாட்டிக்கொண்டால் அந்தத் தந்திரமே உங்களுக்கு எதிரான சாட்சி.

அப்புறம் என்ன செய்வது? முதலில் உங்கள் பேச்சை மட்டும் முழுதாகப் பதிவு செய்யுங்கள், எந்தக் கிளிப்பும் இல்லாமல். அதைக் கேட்டுப் பாருங்கள். படம் இல்லாமலே முக்கால்வாசி புரிகிறது என்றால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். புரியாத இடங்களில் மட்டும் கிளிப்பைப் பொருத்துங்கள்.

காட்சியைப் பற்றிப் பேசும்போது பாட்டின் ஒலியை முழுக்க எடுத்துவிடலாம். இசையைப் பற்றிப் பேசும்போது படத்துக்கு அவசியம் இல்லை. இரண்டையும் ஒன்றாகக் காட்ட வேண்டிய இடம், யோசித்துப் பார்த்தால், ஒரு வீடியோவில் இரண்டு மூன்றுதான் வரும். தாளத்தை விளக்க நான் மேசையில் தட்டிக் காட்டுவேன். பாட்டைப் போட்டுக்காட்டுவதைவிட அதில் மக்களுக்குச் சுவாரஸ்யம் அதிகம் என்பது பிற்பாடு தெரிந்தது.

வரிகளை முழுதாகத் திரையில் ஓடவிடாதீர்கள். ஒன்றிரண்டு வரி சொல்லி அதைப் பற்றிப் பேசுங்கள்.

ஷார்ட்ஸ் போடுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 2024 அக்டோபரிலிருந்து ஷார்ட்ஸ் 3 நிமிடம் வரை போகலாம். ஆனால் 1 நிமிடத்துக்கு மேல் நீளும் ஷார்ட்ஸில் கன்டென்ட் ஐடி கிளெய்ம் விழுந்தால் அது உலகம் முழுக்கத் தடையாகும். பாட்டு இருக்கிறதென்றால் ஷார்ட்ஸை 1 நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள்.

5. பிரைவேட்டாக ஏற்றி வேடிக்கை பாருங்கள்

நேரடியாகப் பப்ளிக்கில் ஏற்றாதீர்கள். பிரைவேட்டாக ஏற்றினால் காப்பிரைட் சோதனை ஓடும், ஏதாவது சிக்கினால் எந்த நிமிடம் எந்த நொடி என்று காட்டும். அந்தத் துண்டை உங்கள் டைம்லைனிலேயே சரிசெய்து மறுபடி ஏற்றுங்கள். யூடியூப் ஸ்டூடியோவிலும் வெட்டலாம், பாட்டை மட்டும் மௌனமாக்கலாம், வேறு இசை வைக்கலாம். ஆனால் அது முடியச் சில நேரம் பல மணி நேரம் ஆகும். பாட்டை மட்டும் எடுக்கச் சொன்னால் உங்கள் குரலும் சேர்ந்து மங்கிவிடும் ஆபத்தும் உண்டு. நான் அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

குறைந்தது ஒரு நாள் இடைவெளி விடுங்கள். 'வெளியான ராத்திரியே போட்டால் இயந்திரத்துக்கு அந்தப் பாட்டு தெரிந்திருக்காது' என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. லேபிள்கள் பாட்டை வெளியிடும் முன்பே அதன் மாதிரியைக் கொடுத்து வைத்துவிடுகின்றன. என்னுடையது விழுந்தது அப்படித்தான். முதல் ராத்திரி ஓட்டத்தை விட்டுவிட்டு மூன்றாம் நாள் நிதானமாக ஒரு அலசல் போடுவது மேல் என்பது என் கட்சி. அதற்குள் உருப்படியாகச் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும்.

சோதனையில் தேறிய வீடியோவுக்கும் மாதக்கணக்கில் கழித்துக் கிளெய்ம் வரலாம், புதிதாக மாதிரிகள் சேரச் சேரப் பழைய வீடியோக்களையும் துழாவுவார்கள். அதனால்தான் கோப்புறையை அழிக்கக் கூடாது என்றேன்.

6. கிளெய்ம் வந்தால்: பதறாதீர்கள், காலண்டரை எடுங்கள்

கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கிளெய்ம் அந்த ஒரு வீடியோவை மட்டும் பாதிக்கும். உரிமையாளருக்கு மூன்று வழிகள்: சும்மா கண்காணிப்பது, விளம்பரக் காசைத் தான் எடுத்துக்கொள்வது, தடை செய்வது. ஸ்ட்ரைக் சேனலையே பாதிக்கும்.

உங்களுக்கும் மூன்று வழிகள். விட்டுவிடலாம், துண்டை எடுத்துவிடலாம், டிஸ்ப்யூட் போடலாம். முதல் இரண்டில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

டிஸ்ப்யூட் என்று முடிவெடுத்தால் கிளெய்ம் வந்து 5 நாளுக்குள் போடுங்கள். அப்படிப் போட்டால் கிளெய்ம் விழுந்த முதல் நாளிலிருந்து வருமானத்தைத் தனியாக எடுத்துவைத்து, கடைசியில் ஜெயிப்பவருக்குக் கொடுப்பார்கள். 5 நாள் தாண்டினால் நீங்கள் டிஸ்ப்யூட் போட்ட நாளிலிருந்துதான் எடுத்துவைப்பார்கள். புது வீடியோவின் பெரும்பாலான பார்வைகள் முதல் சில நாளில்தான் வரும் என்பதால் இந்த 5 நாள் ரொம்ப முக்கியம்.

அதன்பின் உரிமை கோரியவருக்கு 30 நாள் அவகாசம். பதிலே வராவிட்டால் கிளெய்ம் தானாக விலகும். நிராகரித்தால் நீங்கள் அப்பீல் போகலாம், அதற்கு அவர்களுக்கு 7 நாள். வீடியோ தடையாகிக் கிடந்தால் 30 நாள் கட்டத்தைத் தாண்டி நேரே அப்பீலுக்குப் போகும் வழியும் உண்டு. ஆனால் ஒன்று: அப்பீல் கட்டத்தில் அவர்கள் நீக்கச் சொல்லிச் சட்டப்படி கோரிக்கை வைத்தால் அது ஸ்ட்ரைக்காக மாறும். என் கோபம் என்னை அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்த்தது. நம்பிக்கை இல்லாமல் அப்பீல் பொத்தானை அழுத்தாதீர்கள்.

டிஸ்ப்யூட்டில் நான் அன்று எழுதியது: 'நான் பாடகியின் தீவிர ரசிகன். டிஸ்கிரிப்ஷனில் லிங்க் கொடுத்திருக்கிறேன். இதனால் அவருக்கு விளம்பரம்தானே? மற்ற சேனல்கள் எல்லாம் போடுகின்றன.' இதில் ஒரு வாக்கியத்துக்குக்கூடச் சட்டத்தில் இடமில்லை.

இப்போது எழுதுவது வேறு மாதிரி: 'இந்த வீடியோ 11 நிமிடம். உங்கள் படைப்பிலிருந்து மொத்தம் 31 விநாடி, ஐந்து துண்டுகளாக வருகிறது. நீளமான துண்டு 8 விநாடி. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னும் பின்னும் அந்தக் காட்சியின் நடன அமைப்பைப் பற்றிய என் விமர்சனம் இருக்கிறது. நான்கு துண்டுகளில் ஒலி இல்லை. பாட்டைக் கேட்க விரும்புபவருக்கு இது பாட்டுக்கு மாற்றாக அமையாது.' எண்கள் எல்லாம் படி 3-ன் பட்டியலிலிருந்து அப்படியே வருகின்றன. அமெரிக்கச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு பார்க்கச் சொல்லும் நான்கு விஷயங்களை மனதில் வைத்து எழுதியது இது: எதற்காகப் பயன்படுத்தினீர்கள், மூலப் படைப்பு எப்படிப்பட்டது, எவ்வளவு எடுத்தீர்கள், அதன் சந்தையைக் கெடுக்கிறதா. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், விமர்சனத்துக்கு இடம் கொடுக்கும் அளவும் மாறும். உங்கள் நாட்டில் என்ன நிலை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்ப்யூட், அப்பீல் எதற்கும் கட்டணம் கிடையாது. 'ஸ்ட்ரைக்கை நீக்கித் தருகிறோம், இவ்வளவு கொடுங்கள்' என்று இன்பாக்ஸில் வருபவர்களை பிளாக் செய்யுங்கள்.

7. ஸ்ட்ரைக் வந்தேவிட்டால்

முதலில் அது நிஜமா என்று பாருங்கள். ஸ்ட்ரைக் என்று பயமுறுத்தி ஃபைலைத் திறக்கச் சொல்லும் போலி மின்னஞ்சல்களால் சேனலையே பறிகொடுத்தவர்கள் உண்டு. மின்னஞ்சலில் இருக்கும் லிங்கைத் தொடாமல் நீங்களாக ஸ்டூடியோவைத் திறந்து பாருங்கள். அங்கே இல்லையென்றால் ஸ்ட்ரைக் இல்லை.

நிஜம்தான் என்றால், முதல் ஸ்ட்ரைக்குக் காப்பிரைட் ஸ்கூல் என்ற சின்னப் பாடத்தை முடிக்க வேண்டும். 90 நாளில் ஸ்ட்ரைக் காலாவதியாகும். அந்த 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலுக்கு மூடுவிழா. வீடியோவை அழித்தால் ஸ்ட்ரைக் போய்விடும் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அது போகாது, உங்கள் தரப்புச் சாட்சிதான் போகும்.

வெளியே வர மூன்று வாசல். காத்திருப்பது. கோரியவருக்கு மரியாதையாக எழுதி வாபஸ் வாங்கச் சொல்வது. எதிர் அறிவிப்பு கொடுப்பது, அதாவது 'நீக்கியது தவறு' என்று சட்டப்படி எழுதிக் கொடுப்பது. மூன்றாவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் முழுப் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் எதிர்த் தரப்புக்குப் போகும். வழக்கு வந்தால் நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுவதாகவும் எழுதிக் கொடுக்கிறீர்கள். அவர்களுக்கு 10 அமெரிக்க வேலை நாள் அவகாசம். அதற்குள் வழக்குத் தொடுத்ததற்கு ஆதாரம் காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும். வக்கீல் செலவு செய்ய நினைத்தால் அதை இந்தக் கட்டத்தில் செய்யுங்கள், வேறெங்கும் வேண்டாம். நான் 90 நாள் காத்திருந்தேன். அந்த மூன்று மாதமும் யாருடைய கிளிப்பும் இல்லாமல் கேமராவைப் பார்த்துப் பேசிய வீடியோக்களை மட்டுமே போட்டேன்.

8. பிரபலங்களைப் பற்றிப் பேசும்போது

இங்கே காப்பிரைட்டைத் தாண்டிய சிக்கல்கள் உண்டு. 'பிரிந்துவிட்டார்களா?' என்று கேள்விக்குறி போட்டுவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். தலைப்பில் கேள்விக்குறி, உள்ளே ஆதாரமில்லாத கதை என்றால் அவதூறு அவதூறுதான். அவர்களே சொன்னது, நீதிமன்ற ஆவணத்தில் இருப்பது, பொறுப்பான செய்தி நிறுவனம் எழுதியது: இந்த மூன்றுக்குள் நில்லுங்கள். லிங்கைக் கோப்புறையில் போட்டு வையுங்கள்.

அவர்களுடைய குழந்தைகளை விட்டுவிடுங்கள். வெளியாகாத பாட்டின் கசிந்த துண்டையும் தொடாதீர்கள். லேபிள்களுக்கு அந்த விஷயத்தில் பொறுமை கிடையாது.

ஏஐ வைத்துப் பாடகரின் குரலையோ முகத்தையோ உருவாக்கினால், நிஜம்போலத் தெரியும் எதையும் அறிவிக்க வேண்டும் என்று யூடியூப் 2024 மார்ச்சிலிருந்து கேட்கிறது. ஏற்றும்போதே அந்தக் கட்டம் வரும், 'ஆம்' என்று தட்டுங்கள். சம்பந்தப்பட்டவர் தனியுரிமைப் புகார் கொடுத்தால் உங்களுக்கு 48 மணி நேரம்தான் கிடைக்கும். அறிவிப்பு மின்னஞ்சல்களைத் தினமும் பாருங்கள்.

9. பணம்: எப்போது, எவ்வளவு, என்னென்ன காகிதம்

விளம்பர வருமானத்துக்கு 1000 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும். அதோடு கடந்த 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வை, அல்லது 90 நாளில் ஷார்ட்ஸில் 1 கோடிப் பார்வை. விண்ணப்பித்தால் பதில் வரச் சுமார் ஒரு மாதம் ஆகலாம். நீள வீடியோ விளம்பரத்தில் உங்கள் பங்கு 55 சதவீதம், ஷார்ட்ஸில் உங்களுக்கென்று ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதம்.

கிளெய்ம் ஒன்றுகூட இல்லாத சேனலும் இந்த இடத்தில் தோற்கலாம். 'மறுபயன்பாட்டு உள்ளடக்கம்' என்று ஒரு விதி இருக்கிறது, காப்பிரைட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அனுமதி வாங்கிய கிளிப்பாகவே இருந்தாலும், உங்கள் பங்கு தெரியாவிட்டால் நிராகரிப்பார்கள். தருணத் தொகுப்புகள் அடிபடுவது இங்கேதான். நிராகரித்தால் 21 நாளுக்குள் அப்பீல் போடலாம். அதில் நீங்கள் எப்படி வீடியோ தயாரிக்கிறீர்கள் என்று காட்டி ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பும் வழி இருக்கிறது. ஸ்கிரிப்ட், கிளிப் பட்டியல், டைம்லைன் எல்லாம் திரையில் காட்ட அதுதான் நேரம். அப்பீல் வேண்டாம் என்றால் முதல் நிராகரிப்புக்கு 30 நாள் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம். அதற்குள் வெறும் தொகுப்புகளைச் சேனலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

காகிதங்கள்: அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, வரிப் படிவம். அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் தனிநபர் என்றால் டபிள்யூ-8பென் என்ற படிவத்தை ஆட்சென்ஸிலேயே (யூடியூப் வருமானம் வந்து சேரும் கூகுள் கணக்கு) நிரப்பலாம். ஐந்து பத்து நிமிட வேலை. நிரப்பாமல் விட்டால் உங்கள் மொத்த உலக வருமானத்திலிருந்தும் 24 சதவீதம் வரை பிடிக்கக்கூடும். வங்கி, அடையாள அட்டை, ஆட்சென்ஸ் மூன்றிலும் பெயர் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்று இருந்தாலே இழுத்தடிக்கும்.

கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். வந்து சேர இரண்டிலிருந்து நான்கு வாரம். 4 மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். 100 டாலர் தாண்டிய பிறகுதான் முதல் தொகை, அதுவும் அடுத்த மாதம் 21-லிருந்து 26-க்குள்.

நான் அந்தக் கடிதத்துக்காக இரண்டு மாதம் காத்திருந்தேன். ஆட்சென்ஸ் தொடங்கும்போது கொடுத்த முகவரியில் நான் இப்போது குடியில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. பழைய வீட்டுக்காரரைப் பார்க்கப் போனேன். டிவி மேலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஏதோ விளம்பர நோட்டீஸ் என்று நினைத்து, ஓரத்தில் பால் கணக்கு எழுதி வைத்திருந்தார். நல்லவேளை, பின் எண் இருந்த பக்கத்தில் இல்லை.